டம்ளர் வட்டம்

என் சாப்பாட்டு மேசைக்கு எந்தப் பூச்சு அடிப்பது என்று கேட்கப் புதுவாயல் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒருவர் நின்றார்; அவரும் மேசைக்குப் பூச்சு வாங்க வந்தவர்தான். ஒல்லியான ஆள். நைட் ஷிப்டு முடித்த கண்கள். கடைக்காரர் மூன்று மாதிரிப் பலகைகளை எடுத்துப் போட்டதும், அந்தச் சீருடைக்காரர் தன் கையிலிருந்த சூடான டீ டம்ளரை ஒவ்வொன்றின் மேலும் சற்று நேரம் வைத்து எடுத்தார்.

"இன்னாபா, பலகைய நாசம் பண்ற?" என்று கடைக்காரர் கத்தினார்.

இரண்டு பலகைகளில் தடமே இல்லை. அரக்கு பாலிஷ் அடித்த பலகையில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"இதையே குடு" என்றார் அவர்.

"கறை படியுதே?" என்றேன்.

"படியட்டும் சார். நான் ஊட்டுக்குப் போறதுக்குள்ள ஊட்டுக்காரி டம்ளர கழுவிக் கவுத்துட்டு வேலைக்குப் பூடுவா. டீயாவது குடிச்சாளான்னு தெரிய வாணாமா?"

"போன்ல கேக்கலாமே?"

"கேட்டா குடிச்சேன்னுதான் சொல்லுவா. வட்டம் பொய் சொல்லாது. ஞாயித்துக்கெழம நானே இதே பாலிஷ துணியால ஒரு கை பூசிட்டா மறைஞ்சிடும்."

நான் கறை படியாத பி.யூ. பூச்சு வாங்கி அடித்தேன். மேசை இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இன்று காலை என் மனைவி டீ குடித்தாளா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது.