‘போறேன்’ என்று அவர் சொன்ன நாள்

மழைக்காலம் வந்தால் என் கணவருக்கு இழுப்பும் கூடவே வந்துவிடும். போன வருடம், இன்ஹேலர் அடித்து அலுத்துப்போன சமயத்தில், ஊமத்தை இலைதான் இழுப்புக்கு மருந்து என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். கொட்டிவாக்கம் பக்கம் காலையில் நடக்கப் போனவர், காலி மனையில் முளைத்திருந்த ஊமத்தையைப் பறித்து வந்து, நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் “வாய் காயுது” என்று தண்ணீர் கேட்டார். குடித்தார், மறுபடியும் கேட்டார். முகம் சிவந்து கிடந்தது. பிறகு மேசைவிரிப்பின் மேல் எதையோ பொறுக்கத் தொடங்கினார். அங்கே ஒன்றுமே இல்லை.

“என்னங்க தேடறீங்க?”

“டிக்கெட். இங்கதான் வெச்சேன். ரயிலுக்கு நேரமாச்சு.” என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருந்தது. “நீங்க யாரு?”

முப்பது வருடத்தில் அவர் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. சமையலறைக்கு ஓடி, பாத்திரத்தில் வெந்து கிடந்த இலைகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கப் பார்த்தார். “விடுங்க, நான் போறேன்.”

எங்கள் வீட்டில் அடுத்த தெருக் கடைக்குக் கிளம்பினால்கூட ‘போயிட்டு வரேன்’தான். கல்யாணமான புதிதில் நான் வெறுமனே ‘போறேன்’ என்றபோது காரணம் சொன்னவரே இவர்தான். “போயிட்டார்னா செத்துட்டார்னு அர்த்தம். அதான் உசிரோட கிளம்பறவங்க பின்னாடியே ஒரு ‘வரேன்’ சேத்துக்கிட்டாங்க.” அன்று சிரித்தேன். ஆட்டோவில் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வரேன்னு சொல்லுங்க” என்று கெஞ்சினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். கட்டிலை விட்டு எழுந்து ஓடாதபடி கைகளைத் துணியால் கட்டினார்கள். “எவ்வளவு குடிச்சார்?” என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “விஷம் இறங்கணும். அதுவரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்” என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சொற்கள் மறந்துபோயின. “போறேன், போறேன்” என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் தன் மகளுக்குத் துணையாக இருந்த முஸ்லிம் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கேம்மா போவணுமாம் அவுருக்கு?”

“தெரியலம்மா. ரயிலுக்கு நேரமாச்சாம்.”

“எங்க வூட்ல கெளம்பறவங்கள எங்கன்னு கேக்க மாட்டோம். தூரமான்னுதான் கேப்போம். எங்கன்னு கேட்டா அந்தப் பயணம் நடக்காதாம். எவுங்க கதை கட்டிவுட்டாங்களோ.” என் கணவரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான்தான் கேட்டுட்டேன் இல்ல, இனிமே போவ மாட்டாரு. நீயும் கேளு.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் குனிந்து அவர் காதோரம், “எங்க போறீங்க?” என்று கேட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மதியம் கண் திறந்து, “ஏன் கையக் கட்டியிருக்காங்க?” என்றார். பிறகு, “நீ சாப்பிட்டியா?” என்றார். ‘நீ’ என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் அவருக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. பேப்பரை நான் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூச்சுச் சத்தம் சற்று மாறினாலும் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். “ம், மேல படி” என்பார்.