ஒரு படி தவிடு

பேர்தான் சந்நியாசம்மா. கைக்கு வந்ததை ஒருநாளும் விட்டவளில்லை. மண்வெட்டியை இரவல் கொடுத்தால் நாம்தான் நாலு தடவை நடையாய் நடந்து திருப்பி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவள் இருந்த ஊரைத்தான் மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

முப்பது வீடுகூடத் தேறாத ஊர் எங்கள் ராவிமெட்ட. கேழ்வரகுக் கொல்லையும் முந்திரிக் காடும் தாண்டினால் கடல். நிலத்தையும் வீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரோட்டோரம் புது வீடு தருகிறோம் என்றபோது ஆண்களில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். சந்நியாசம்மாதான் மண் தள்ளும் வண்டிக்கு முன்னால் போய் மல்லாந்து படுத்தாள்.

"எங்க வீட்டுல ஒரு செங்கல்லத் தொடணும்னா என் பொணத்து மேல ஏத்திட்டுப் போ!"

மற்ற பெண்களும் அவளுக்கு இருபுறமும் படுத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது, கலெக்டர் வந்தார், கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. நிலம் மட்டும் போதும், வீடுகள் உங்களுக்கே என்றார்கள். அன்றைக்கு அவளைத் தோளில் தூக்கி ஆடாத குறை. பைடிதல்லி அம்மன் கோயில் சுவரில் 'எங்கள் ஊர் எங்களுக்கே' என்று காவியால் பெரிதாக எழுதி வைத்தோம்.

நிலம் போன பிறகு வெறும் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் எங்கள் சாமர்த்தியம். கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. வீடுகளைத் தொடாமல் மூன்று பக்கமும் மதில் எழுப்பியது. நாலாவது பக்கம் கழிவுநீர்க் கால்வாய், அதன்மேல் ஒரு சிமெண்டுப் பாலம். கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. சாயங்காலமானால் அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வந்து எங்களோடு சாப்பிட உட்காரும். விற்றுவிட்டுப் போகலாமென்றால் எந்த மடையன் வாங்குவான்? வேறிடத்தில் மனை கேட்டுப் போனால், "உங்களுக்குத்தான் ஊர் இருக்கே" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வாழ்த்திய வாயே வையத் தொடங்கியது. எதிர்வீட்டுச் சிம்மாசலத்துக்கு அவளைக் கண்டால் போதும்.

"வாங்க மகாராணி! கோட்டை கட்டிக் குடுத்துட்டீங்க. மதிலு நல்லா ஒசரமாத்தான் இருக்கு."

"அன்னைக்கி நாங்க மண்ணுல படுத்துக் கெடந்தப்ப நீ எங்கடா இருந்த? கள்ளுக்கடையிலதான?" என்று அவளும் விடமாட்டாள். வீட்டுக்குள் வந்ததும் முகம் சுண்டிப்போகும்.

அவளுக்கு ஒரே மகன், தவுடு. மருமகள் நூகாலுவுக்கு இரண்டு கரு தங்காமல் போயிற்று. தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மூன்றாவது தரித்ததும் அவள் கொண்டவலசவில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவருக்குள் வரமாட்டேன், வேண்டுமானால் நீ இங்கே வா என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். தவுடு அம்மாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"வீட்டோட மாப்பிள்ளையாப் போகத்தான் உன்னைப் பெத்தேனா?" என்றாள் சந்நியாசம்மா. அவன் மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சோறும் சரியாகத் தின்னவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பெரிதாகப் போகிறது, இன்னும் இடம் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. ஊரே அவள் வாசலில் கூடிவிட்டது. சிம்மாசலமும் வந்தான்.

"அன்னைக்கி நீதானக்கா தடுத்த. நீயே போய்க் கேளு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

மகன் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, தவுடைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆபீசர் சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். நாற்காலி போட்டு, பாட்டில் தண்ணீர் கொடுத்தான். அவள் உட்காரவில்லை.

"ஊரை எடுத்துக்கோங்க பாபு. தவிட்டு விலைக்கு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. மனுசங்க இருக்கிற எடமாப் பாத்து எங்களைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

"நாங்க கடல் பக்கமாத்தாம்மா போறோம். உங்க வீடுங்க எங்களுக்குத் தேவைப்படாது." அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே சமாதானம் சொன்னான். "பயப்படாதீங்க. நீங்க கேட்ட மாதிரி, ஒரு செங்கல்லையும் யாரும் தொடமாட்டாங்க."

திரும்பும் வழியில் பாலத்தின் மேலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, வெயில் ஏறுது."

"நூகாலுக்கு எத்தனாவது மாசம்டா?"

"ஏழு."

மறுநாள் சம்பந்தி ராமுலம்மாவுக்குப் போன் போட்டாள். "மதினி, ஒரு எட்டு வந்துட்டுப் போ. வரும்போது ஒரு படி தவிடு எடுத்துட்டு வா." கோழிக்காக்கும் என்று நினைத்து ராமுலம்மா கட்டிக்கொண்டு வந்தாள்.

தவுடுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போயின. அதனால் இவன் பிறந்ததும், என் பிள்ளை இல்லை என்று சொல்லிக் குயவர் வீட்டில் ஒரு படி தவிட்டுக்கு விற்று, மறுநாள் நெல் கொடுத்துத் திரும்ப வாங்கினாள். எமனை ஏமாற்ற அப்படிச் செய்வதுதானே! பேரும் அப்படித்தான் தவுடு என்று வந்தது.

ராமுலம்மா முன்னால் சந்நியாசம்மா மடியை விரித்தாள்.

"இதுல போடு."

"என்ன மதினி இது?"

"போடுன்னா போடேன்." தவிடு விழுந்ததும் மகன் கையைப் பிடித்துச் சம்பந்தி கையில் வைத்தாள். "இனிமே இவன் உன் பிள்ளை. இந்தத் தடவ திரும்ப வாங்க வரமாட்டேன்."

"அம்மா!" தவுடு கையை உதறினான். "நான் போகல."

"போடா. வித்த பொருளுக்கு என்னடா பேச்சு?"

ராமுலம்மா அழுதுவிட்டாள். "அப்ப நீயும் வா மதினி. ஒரு வாய் கஞ்சிக்கு எங்க வீட்டுல பஞ்சமா?"

"சம்பந்தி வீட்டுக் கஞ்சி எனக்கு எறங்காது. இந்த வீட்டை வாங்கவும் ஆளில்லை. கோயில் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு நீ பாக்கலையா?"

தவுடு பாலத்தைத் தாண்டும்வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். மடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட கோழிகள் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. சந்நியாசம்மா மடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சிட்டிகை தவிடுகூடக் கீழே விடவில்லை.