முடிவை மாற்றிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஸ்பிரிட் வாசனை என்றால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவுக்கு வரும். செல்போன் கம்பெனியில் நாள் முழுக்க உதிரிப் பாகங்களைத் துடைத்துத் துடைத்துப் பொருத்திவிட்டு வரும் அக்காமார்களின் விரல்களில், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகும் அந்த வாசனை போகாது. அந்த விரல்களால் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, முதல் வேலையாக, "படம் என்னாச்சு?" என்று கேட்பார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறைகள் கட்டி, தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அப்பா அதே கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினார். கடைசி அறையில் இருந்தவர்கள் செல்வராணி அக்காவும் ஸ்டெல்லா அக்காவும். முன்னவள் விளாத்திகுளம் பக்கம், பின்னவள் நாங்குநேரி. ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே கண்ணாடி. ஆனால் ஒருத்தி காலை ஷிப்ட் என்றால் இன்னொருத்தி மத்தியான ஷிப்ட், வாராவாரம் மாறி மாறி வரும். ஒருத்தி விழித்திருக்கும்போது மற்றவள் தூங்கிக்கொண்டிருப்பாள். உயிருக்குயிரான சிநேகிதிகள், வாரத்தில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அதிசயம்.

நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு டிவியில் ஞாயிறுதோறும் பன்னிரண்டு மணிக்கு வெளிநாட்டு உளவாளிப் படம் ஒன்றைத் தமிழ்ப்படுத்திப் போட்டார்கள். பல வருஷமாக எடுத்துக்கொண்டே இருக்கிற வரிசைப் படம். கதாநாயகனாக நடிக்கிற ஆள் மாறுவான், வேலை மாறாது. அவன் பேரை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை, "ஏஜென்ட்டு" என்றே வைத்துக்கொண்டோம். டிவிக்காரர்கள் எந்தப் படம் முந்தி, எந்தப் படம் பிந்தி என்று பார்க்காமல் கைக்கு வந்ததைப் போட்டதால், ஒரு வாரம் நரைத்த தலையோடு வந்தவன் அடுத்த வாரம் இருபத்தைந்து வயசுக்காரனாக வந்து நிற்பான். அது யாருக்கும் பெரிய குறையாகப் படவில்லை. பெரிய குறை வேறு. ஒன்றேகாலுக்கு மத்தியான ஷிப்ட் பஸ் வந்துவிடும். அதில் போகிறவளுக்கு முதல் பாதிதான் கிடைக்கும். காலை ஷிப்ட் முடிந்து வருகிறவள் இரண்டே முக்காலுக்குச் செருப்பைக் கழற்றும்போது கடைசி அரை மணி ஓடிக்கொண்டிருக்கும். முழுப் படத்தையும் பார்த்தது நான் ஒருத்திதான்.

அதனால் எனக்கு ஏற்பட்ட மவுசு கொஞ்சநஞ்சமல்ல. இவளுக்கு முதல் பாதியும் அவளுக்குப் பின்பாதியும் சொல்லுவேன். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை, இவள் வைத்த வாதத்தை அவளிடம் கொண்டுபோய், அவள் சொன்ன பதிலை இவளிடம் கொண்டுவந்து, போகிற வழியில் கொஞ்சம் உப்புக் காரமும் சேர்ப்பேன். "இன்னாத்துக்குடி ஒனக்கு இந்தப் பஞ்சாயத்து, படிக்கிற வேல இல்ல?" என்பாள் அம்மா. ஆனால் அவளும் அரிசி களைந்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள்.

வாதம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஏஜென்ட் கம்பெனியில் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்பதில் ஆரம்பித்தது. இத்தனை காரை உடைத்தும் ஒரு மெமோ கூடக் கொடுக்கவில்லையே, அதனால் பர்மனென்ட்தான் என்றாள் ஸ்டெல்லா. இத்தனை வருஷமாக அதே சூப்பர்வைசருக்குக் கீழே அதே வேலையைத்தானே பார்க்கிறான், புரமோஷனே இல்லையே, கட்டாயம் கான்ட்ராக்ட் என்றாள் செல்வராணி. பிறகு அது பெரிய கேள்விக்கு வந்து நின்றது. இந்த ஆளுக்கு வயசாகிக்கொண்டு போகிறதே, இனி இந்தப் படம் வருமா, வராதா? வேறு ஆளைப் போட்டு ஓட்டுவார்கள், கம்பெனியில் பாகம் பொருத்துகிற லைன் மாதிரி, யாருக்காகவும் நிற்காது என்பது ஸ்டெல்லாவின் கட்சி. எத்தனை பேர் வந்தாலும் இவன் கை போல வராது, எங்கே போனாலும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு வருவார்கள் என்பது செல்வராணியின் கட்சி. அப்பாவின் பஸ்ஸுக்குள்ளும் விவகாரம் புகுந்து, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சண்டை நடப்பதாக அவர் வந்து சொல்லுவார்.

செல்வராணி ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் பேசினாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இருவரும் டிரெய்னியாகச் சேர்ந்து மூன்று வருஷம் முடியப் போகிற நேரம் அது. சிலரைப் பர்மனென்ட் ஆக்குவார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை என்று வீட்டில் வாக்கு வாங்கி வைத்திருந்தாள் செல்வராணி. இல்லாவிட்டால் ஊருக்குப் போய், அவர்கள் காட்டுகிறவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் நரைத்த ஏஜென்ட் அலுத்துப்போய் வேலையை விடுவதாகப் பேச்சு வந்தது. சரியாக அந்த இடத்தில் ஒன்றேகால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செல்வராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "ஒரு சீன் விடாம பாத்து வையிட்டி, காலையில எனக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கு ஓவர்டைம். ஆகவே முடிவைப் பார்த்தது நானும் சுவரிலிருந்த பல்லியும் மட்டுமே.

முடிவில் அவன் தன் அடையாள அட்டையை அதிகாரியின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதிகாரி ஜன்னல் வழியாக அவன் போவதைப் பார்த்தார். அவ்வளவுதான். கதவு திறந்தது, ஒரு இளவட்டம் உள்ளே வந்தான், அதே மேஜையில் அவனுக்குப் புது அட்டை ஒன்றை நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏஜென்ட்டுக்காக அல்ல, செல்வராணி தோற்றுவிட்டாளே என்பதற்காக. ஸ்டெல்லா என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று சொல்லுகிறவள். செல்வராணி என்னைப் பெரிய மனுஷியாக வைத்துப் பேசுகிறவள். ஓவர்டைம் முடித்து வந்த ஸ்டெல்லா கேட்டதும் என் வாய் தானாக வேறு கதை சொல்லிற்று. அதிகாரி ஏர்போர்ட்டு வரைக்கும் பின்னாலேயே ஓடிப்போய், நீ இல்லாமல் முடியாது என்று அட்டையைத் திரும்பக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தார் என்றேன். மறுநாள் காலையில் செல்வராணியிடமும் அதையே, இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். அவள் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே என் தலையைப் பிடித்து ஆட்டினாள். பஸ் முழுக்க அந்த வாரம் அவள் ராஜ்ஜியம்தான்.

அடுத்த மாதம் கம்பெனியில் லிஸ்ட் போட்டார்கள். ஸ்டெல்லாவின் பேர் இருந்தது. செல்வராணியின் பேர் இல்லை.

அவள் அழவில்லை. ஆள் தேவைப்படும்போது கண்டிப்பாகக் கூப்பிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார் என்றாள். வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் புதுக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இங்கே கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, போக மாட்டேன் என்றுவிட்டாள். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்த அறையிலேயே இருந்தாள். ஒரு சினிமா முடிவை நம்பியா ஒருத்தி இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நீங்கள் கேட்கலாம். அவள் நம்பியது சூப்பர்வைசர் வார்த்தையைத்தான். ஆனால் மனசு தளரும்போதெல்லாம், "அந்த ஏர்போர்ட்டு சீனை இன்னொருக்கச் சொல்லுட்டி" என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பாளே, அதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது, ஸ்டெல்லா கட்சி மாறியதுதான். லிஸ்ட்டுக்குப் பிறகு அவள் வாதம் செய்யவே இல்லை. "அவ சொன்னதுதான் சரி, அவனைக் கூப்பிடத்தான செஞ்சாங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்புவாள், செல்வராணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. எதிர்க்கட்சி இல்லாத பஞ்சாயத்தில் என் பொய் ஒன்றே தீர்ப்பாக நின்றது.

பிறகு ஒரு சனிக்கிழமை டிவியில் விளம்பரம் வந்தது. நாளைக்கு மறுபடியும் அதே படம். செல்வராணிக்கு இப்போது ஷிப்ட் கிடையாது. அந்தப் படத்தை இந்தத் தடவை முடிவு வரைக்கும் முழுசாகப் பார்க்கப் போகிறாள். ஞாயிறு காலையில் நான் டிவிக்குப் பின்னால் புகுந்து, கேபிள் வயரின் முனையில் இருந்த ஊசியைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன். பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள், திரையில் புள்ளி புள்ளியாக ஓடுவதைப் பார்த்தாள், டிவியைத் திருப்பினாள். கண்ணுக்குத் தெரியாத திருகுகளை நாளெல்லாம் பொருத்தின கை அது. வயரின் தோலைப் பல்லால் சீவி, உள்ளே இருந்த கம்பியை நேராக்கிச் சொருகி, இரண்டே நிமிஷத்தில் படத்தை வரவழைத்துவிட்டாள். வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தேன். படுத்துக்கொள் என்றாள்.

படம் முடிகிற வரைக்கும் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அட்டையை மேஜைமேல் வைத்தான், போனான், கதவு திறந்தது, இளவட்டம் வந்தான். விளம்பரம் ஆரம்பித்தது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏர்போர்ட்டே வரலியேட்டி" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கூப்பிட மாட்டாங்க, என்ன?"

பதினொரு வயசில் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். "மாட்டாங்கக்கா" என்றேன். சொன்ன பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள்தான் என்னை மடியில் போட்டுக்கொண்டு, தட்டிக்கொடுத்துக்கொண்டே வெகுநேரம் டிவியைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போனாள். சீட்டுக் கம்பெனியில் மறுபடியும் டிரெய்னியாகத்தான் எடுத்தார்கள். இரண்டு மாதம் முன்னால் சேர்ந்தவர்களெல்லாம் அதற்குள் அவளுக்கு மேலே போயிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை நான் கணக்குப் பார்த்ததில்லை, பார்க்கத் தைரியமில்லை. ஊரில் கல்யாணப் பேச்சை எப்படியோ சமாளித்தாள். ஸ்டெல்லா பர்மனென்ட் ஆன கம்பெனியையே சில வருஷங்களில் மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள்தான் நாங்குநேரிக்குப் போனாள்.

இப்போது எங்கள் அறைகளில் வடக்கேயிருந்து வந்த பையன்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம், பாதியில் விட்ட இடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முடிவைக் கேட்க யாரும் யாரிடமும் வருவதில்லை. ஏஜென்ட் படம் மட்டும் நிற்கவில்லை. இப்போது நடிக்கிறவன் விலகிவிட்டானாம், அடுத்து யார், கறுப்பனா, பெண்ணா, படமே இனி வருமா வராதா என்று முன்பின் தெரியாத ஆயிரம் பேர் போனுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். அதைப் படிக்கப் படிக்கப் பொறுக்காமல் போன வாரம் செல்வராணி அக்காவுக்குப் போன் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு, அதே சீட்டுக் கம்பெனியில் ஒரு லைனையே பார்த்துக்கொள்கிறாள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும். அட்டையைக் குடுத்துட்டுப் போனவன் பெறகு எங்க போனான், என்ன வேல பாத்தான்னு ஒரு படத்துலயாவது காட்டியிருக்கானா?" என்றாள்.

பார்த்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். "இல்லக்கா, ஒண்ணுலயும் காட்டல" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.