புகழ்ப்பாட்டின் ஒன்பதாவது நிமிடம்

2012 மார்ச் 14, புதன்கிழமை. காலையிலிருந்தே பாலைப் புழுதி நுவாக்சூட் நகரத்தின் மேல் செம்மஞ்சளாய்ப் படிந்திருந்தது. கைப்பேசிச் சந்தையில் கடைக்காரர்கள் கருவிகளைத் துணியால் மூடிவைத்தே வியாபாரம் செய்தனர்.

தெக்பரின் கடை மூன்றாம் வரிசையில் இருந்தது. திருமண வீடுகளில் பாணர்கள் பாடுவதை மக்கள் பதிந்துவைத்த ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி, எம்பி3 கோப்புகளாகச் சுருக்கி, கைப்பேசியின் மெமரி கார்டில் இட்டுத் தருவது அவள் தொழில். நாடா ஓட்டும் பெட்டி அச்சந்தையில் அவளிடம் மட்டுமே பழுதின்றி இருந்தது. அதனாலேயே, அவளைப் பொய்க்காரி என்று தூற்றிய குடும்பம் அன்று அவளிடமே வர நேர்ந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தெத்தா என்பவனுக்கு அவளை மணம் முடித்தனர். எங்கள் வழக்கப்படி பெண்வீட்டார் நிபந்தனை விதித்தனர்: இவளுக்கு முன் வேறு மனைவி இல்லை, பின்னும் இல்லை, மீறினால் மணவிலக்கு அவள் கையில். இரண்டே ஆண்டில் அவன் நுவாதிபூ நகரத்தில் மறைவாக இன்னொருத்தியை மணந்தான். தெக்பர் விலகினாள்; பின்னர் அந்த மணமும் முறிந்தது. மணவிலக்குப் பெற்றுத் தாய்வீடு திரும்பும் பெண்ணை வரவேற்றுப் பெண்கள் முரசு கொட்டுவது மரபு, அவளுக்கும் கொட்டினர். தெத்தாவோ தேநீர் குடித்த இடமெல்லாம், "நான் ஒரு வாக்கும் கொடுக்கல. கோவக்காரி, தானா கெளம்பிப் போனா" என்றான். சாட்சி நின்ற அவன் சிற்றப்பாவுக்கு எதுவும் நினைவில்லையாம். மற்றொரு சாட்சியும், அன்று பாடிய பாணர் மஹ்ஃபூதும் இறந்துவிட்டனர். திருமண நாடா தெத்தாவின் வீட்டில் இருந்தது.

நான்கு ஆண்டுகளாக அவள் ஒரு நாளும் அதை மறக்கவில்லை.

அந்த நாடாவைத்தான் தெத்தாவின் அக்கா முனைனா இப்போது கொண்டுவந்தாள்.

"என்ன தெக்பர், கடையில புழுதி ஜாஸ்தியா, உன் மூஞ்சியில ஜாஸ்தியா?"

"இது தொடச்சா போயிடும்க்கா. உங்க வீட்டுப் புழுதிதான் நாலு வருஷமா போகல."

"வாய் மட்டும் கொறையலடி. தம்பிக்கு நாளன்னிக்குக் கல்யாணம். மஹ்ஃபூத் அவனப் புகழ்ந்து பாடினாரே, அத மட்டும் வெட்டிக் குடு. பொண்ணு வீட்டுல கேக்கணும். வயித்தெரிச்சலா இருந்தா காத மூடிக்கோ."

"காத மூடிட்டு இந்தத் தொழில் செய்ய முடியுமாக்கா? உக்காருங்க."

நாடா ஓடியது. தெக்பர் மட்டுமே காதில் ஒலிக்கருவி அணிந்து கேட்டாள். தெத்தாவின் குலப்பெருமையை எட்டு நிமிடங்கள் பாடிய மஹ்ஃபூத், ஒன்பதாவது நிமிடத்தில் தன் வாத்தியத்தின் தந்திகளைக் கையால் அமுக்கி நிறுத்தினார்.

"பெரிய வாக்கு குடுத்தியாமே மாப்ள? எல்லாரும் கேக்க இன்னொரு தரம் சொல்லு!"

தெத்தாவின் குரல் சிரித்தது. "இவளுக்கு முன்னாடி ஒருத்தியும் இல்ல, பின்னாடி ஒருத்தியும் இல்ல. போதுமா?"

பெண்களின் குலவை எழுந்தது. பிறகு மீண்டும் பாட்டு.

பாணர் தந்திகளை அமுக்கிய இடத்தில் வெட்டியிருக்க வேண்டும். தெக்பர் அவ்விடத்தைக் கடந்து, குலவையும் அடங்கிய பின் வெட்டினாள். வழக்கமாக, பழைய கைப்பேசிகளில் அடங்குமாறு கோப்பை மிகச் சிறிதாக்குவாள். இம்முறை அவ்வளவு சுருக்கவில்லை. ஒரு சொல்லும் மங்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

முனைனா முதல் நிமிடத்தை மட்டும் கேட்டாள். தந்தையின் பெயர் வந்ததும் கண் கலங்கினாள். "கை சுத்தம்டி ஒனக்கு!" என்று பாராட்டிப் புறப்பட்டாள்.

பிற்பகலில் மணப்பெண் வீட்டுப் பெண்கள் அப்பாட்டை ப்ளூடூத் வழியே ஒருவர் கைப்பேசியிலிருந்து ஒருவருக்கு அனுப்பி, தேநீருடன் கேட்டனர். ஒன்பதாவது நிமிடம் இரண்டாம் குவளையின்போது வந்தது. பெண்ணின் தாயும் அதே நிபந்தனையைத்தான் விதித்திருந்தாள். தெக்பருக்கு அப்படியொரு வாக்கைத் தான் தந்ததே இல்லை என்று அவளிடம் தெத்தா சத்தியம் செய்திருந்தான். மூன்றாம் குவளையை ஊற்றுமுன் மாப்பிள்ளை வீட்டார் தந்த சீர்ப்பொருள்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை முனைனா கடைக்கு ஓடிவந்தாள். வரிசை முழுவதும் வேடிக்கை பார்த்தது. எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தக் கோப்பு இருந்தது.

"தெக்பர், நீ நல்லவ. பழைய நாடா, வேற குரல் எதுவோ கலந்துடுச்சுன்னு சொல்லிடு. ஒரு வார்த்த போதும், நான் போய்ப் பொண்ணோட அம்மா கால்ல விழறேன். கை தவறித்தானே வெட்டாம விட்ட?"

தெக்பர் பெட்டியின் மீதிருந்த புழுதியைத் துடைத்து முடித்தாள்.

"இல்லக்கா. வேணும்னேதான் விட்டேன்."