பேய் இல்லாத பேய்ப்பட போஸ்டர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து பதினைந்து நிமிஷப் பேய்ப்படம் ஒன்று எடுத்திருந்தோம். ஷூ கம்பெனியில் யாரும் உட்காராத ஒரு தையல் மெஷின் தானாக ஓடும். அதுதான் கதை. படத்துக்கு விளம்பரம் செய்து கூட்டம் சேர்ப்பதும் பரீட்சையில் ஒரு பகுதி. கல்லூரி அரங்கை நிரப்புகிற படத்தைத்தான் சென்னையில் நடக்கும் மாணவர் பட விழாவுக்கு அனுப்புவார்கள்.

விளம்பரம் என் பொறுப்பு. கறுப்புப் பின்னணி, வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, ரத்தம் சொட்டும் எழுத்து என்று எல்லாப் பேய்ப்படத்திலும் பார்த்ததை அப்படியே அள்ளிப் போட்டேன். இத்தனைக்கும் எங்கள் படத்தில் வெள்ளைப் புடவையே கிடையாது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் ஒட்டிவிட்டு, மிச்சத்தோடு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் ஷூ கம்பெனி அட்டையோடு. என் மடியில் இருந்த போஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

"பேய்ப் படமா? இன்னா கதை?"

பெருமையாகச் சொன்னேன். மெஷின் தானாக ஓடும் என்றதும் அவள் முகம் மாறியது.

"நானும் தையல் செக்‌ஷன்தான். லஞ்ச் பெல் அடிச்சா எல்லா மெஷினும் நின்னுடும். அப்போ ஒன்னு மட்டும் ஓடுற சத்தம் கேட்டா கையெல்லாம் சில்லுனு ஆயிடும்" என்றவள், போஸ்டரை இன்னொரு தரம் பார்த்தாள். "ஆனா இதுல அது எங்க இருக்கு? எங்க பொண்ணுங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க."

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனாலும் இறங்கும்போது அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பழைய போஸ்டரைத் தூக்கிப் போட்டேன். புதியதில் பளீரென்ற பகல் வெளிச்சம். வரிசையாகத் தையல் மெஷின்கள், காலி நாற்காலிகள். பேய்ப்படத்துக்கே உரிய சிவப்பை மட்டும் விடவில்லை. அதை ஒரே ஒரு ஊசியில் கோத்த நூலாக்கினேன். கீழே, "லஞ்ச் பெல் அடிச்சாச்சு. யார் தைக்கிறாங்க?" டிரெய்லரில் காட்சியே இல்லை. மெஷின்களின் இரைச்சல், பெல், அமைதி, பிறகு ஒரே ஒரு மெஷின். அந்த இருபது விநாடிச் சத்தத்தையும், காட்சி நேரம் போட்ட புது போஸ்டரையும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

படத்தை இயக்கிய தோழி, "பேஜார் பண்ணாதடி, பழசே இருக்கட்டும்" என்றாள். பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பேய்ப்படம் மாதிரியே இல்லையேம்மா. தையல் கிளாஸ் விளம்பரம் மாதிரி இருக்கு."

"கூட்டம் வரலன்னா தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுக்குறேன் சார்" என்றேன். எங்கிருந்து வந்த தைரியமோ.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் காட்சி. ஐந்து நிமிஷம் இருக்கும்போது அரங்கில் பன்னிரண்டு பேர், எல்லாம் எங்கள் வகுப்புப் பிள்ளைகள். தோழி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் வாசலில் பேச்சுச் சத்தம். தமிழும் உருதுவுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முன்னால் அவள்.

"அந்த சத்தத்த எங்க குரூப்ல போட்டுட்டேன். ஒருத்திகூட வராம இருக்கல" என்று சிரித்தாள்.

நாற்காலிகள் நிறைந்து, படிகளிலும் உட்கார்ந்தார்கள். படத்தில் பெல் அடித்து அந்த ஒற்றை மெஷின் ஓட ஆரம்பித்ததும் அரங்கமே மூச்சைப் பிடித்தது. யாரோ ஒருத்தி அலற, மொத்தக் கூட்டமும் அலறிவிட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. தன் நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்த பேராசிரியர் என்னிடம் வந்தார். "அந்த போஸ்டர்ல ஒன்னு குடும்மா. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

எங்கள் படம் சென்னைக்குப் போனது.

இன்று நான் விளம்பர வேலைதான் செய்கிறேன். அன்று அவள் மரியாதைக்காக 'நல்லாயிருக்கு' என்று சொல்லியிருந்தால் காலி அரங்கில்தான் நின்றிருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த மனசு எனக்கும் வர வேண்டும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.