சைதாப்பேட்டைக்காரரின் இருமல்

மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டி. என் மகன் ராமுவுக்கு எதிரே சைதாப்பேட்டைப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். அவனுடைய தகப்பனார் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு இருமினார். பையன் காயைத் தொடும்போதெல்லாம் இருமல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் இருமலென்றால் குதிரை, இரண்டென்றால் யானை என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்! ராமுவின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. நடுவராக இருந்த வாத்தியாரிடம் முறையிட்டேன்.

"இன்னா சாமி, தொண்டை கமறுனா இருமக்கூடவா கூடாது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அந்த மனிதர் வெளியே போனார்.

அதன்பிறகு ராமு தடுமாறினான். குதிரை போயிற்று, யானை போயிற்று, கடைசியில் ஆட்டமும் போயிற்று.

டிராமில் வீடு திரும்பும்போது அழுதான். "அவரை ஏம்ப்பா வெளியில அனுப்பச் சொன்னேள்? அவன் தப்பா நகர்த்தினா அவர் மூஞ்சி சுருங்கிடும். அதைப் பாத்துண்டுதானே நான் ஆடிண்டிருந்தேன்!"

இப்போதெல்லாம் ராமு ஆடப் போனால் நான் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறேன். என் மூஞ்சியைப் பார்த்து எந்தப் பையன் ஆடுவானோ, யார் கண்டது?