அவசரமில்லாத பாட்டு

அந்த யோசனை வந்தபோது நான் பேர்லினில், நொய்கெல்ன் நூலகத்தில், காதில் ஹெட்போனோடு தரையில் இருந்தேன். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டால் அம்மா வேலை முடிந்து வரும்வரை அங்கேதான். சிறுவர் புத்தகமெல்லாம் முடிந்துபோய் இசைத்தட்டு அலுமாரியைக் கிண்டத் தொடங்கியிருந்தேன். அன்று கையில் அகப்பட்டது ஒரு அமெரிக்கக் கிழவரின் சீடி. குதிரை, லொறி, நெடுஞ்சாலை என்று நாட்டுப்புறப் பாட்டுப் பாடியே பேர் வாங்கியவராம். இந்த சீடியில் மட்டும் தன் தாய் தகப்பன் காலத்து நகரத்துக் காதல் பாட்டுகளை எடுத்து, ஒரு கிற்றாரோடு பாடியிருந்தார். கதிரையில் சாய்ந்திருந்து யாரோடோ கதைப்பது போல இருந்தது. கிற்றார் முன்னால் போய்விடும். அவர் ஆறுதலாக, மெல்ல மெல்லப் பின்னால் வந்து, வரி முடிவதற்குள் சரியாகச் சேர்ந்துகொள்வார்.

மூன்றாவது பாட்டில் எழும்பிவிட்டேன். மாமா இப்படிப் பாட வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் ஒரு உணவகத்தில் சமையல், சனி ஞாயிறுகளில் பேர்லின் தமிழ்ச் சனத்தின் பாடகர். கலியாணமோ பிறந்தநாளோ, மேடையில் கீபோட்டும் ரிதம் மெசினும், கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி எக்கோவும் இருக்கும். எந்த அருமையான பழைய பாட்டும் அந்த மெசினின் அடிக்குள் அகப்பட்டால் தப்பாது. ஆனால் எங்கள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு முணுமுணுக்கும்போது அவர் குரல் வேறு. அது எனக்குத் தெரியும்.

சீடியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அரைப் பாட்டுவரை கேட்டார். பிறகு சிரித்தார்.

"இந்த மனுசனுக்கு ஒரு அவசரமும் இல்லை, பாத்தியே."

நீங்களும் இப்படிப் பாடுங்கோ என்றதற்கு, பாப்பம் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

அந்த வருசம்தான் நான் பெரியபிள்ளையானேன். கோடை விடுமுறையில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்வதென்று அப்பா முடிவெடுத்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் உடம்பில் நடந்த ஒன்றுக்கு ஊர்ச்சனமெல்லாம் சோறு தின்ன வரும், வீடியோக்காரர் வருவார், என்னைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். எல்லாருடைய பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மட்டும் செய்யாமல் விட்டால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று அப்பா வெளியில் நின்று கத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கத்தினேன். சேலை கட்டுகிறேன், பல்லக்கிலும் ஏறுகிறேன், ஆனால் மாமா ஒரே ஒரு பாட்டை மெசின் இல்லாமல், கிற்றாரோடு, நான் சொல்கிற மாதிரிப் பாட வேண்டும். அந்த நாளில் எனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு பாட்டுத்தானே என்று அப்பா விட்டுவிட்டார். மாமாதான் தயங்கினார். தலைக்குத் தண்ணி வார்க்கிற தாய்மாமன், பிள்ளை கேட்டதை மறுக்க ஏலாது என்று கடைசியில் சம்மதித்தார். அவர் வீட்டு அலுமாரிக்கு மேல் சும்மா கிடக்கிறதென்று நான் நினைத்திருந்த கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்தார். துள்ளுகிற ஒரு பழைய காதல் பாட்டைத் தெரிவு செய்தேன். இன்னும் பிந்தி வாங்கோ மாமா, இன்னும் பிந்தி என்று நான் அதட்ட, அவர் வரியைப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடுவார். பாடமெடுத்துப் பழக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

மண்டபத்தில், தலை முழுக்கப் பூவும் கழுத்து முழுக்க நகையுமாக, சிம்மாசனம் மாதிரியொரு கதிரையில் என்னை இருத்தியிருந்தார்கள். மாமா மெசினை நிறுத்திவிட்டு ஒரு சாதாரணக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியிலேயே சத்தம் அடங்கியது. ஓடித் திரிந்த சின்னதுகள்கூட நின்றுவிட்டன. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர் எழும்பி வெளியே போனார். பிறகு இன்னொருவர். அப்பா விறுவிறுவென்று மேடையில் ஏறினார். மைக் அவர் சொன்னதையும் பிடித்தது.

"இது செத்தவீடில்லை, மச்சான். மெசினைப் போடும்."

 மாமா பாதி வரியில் நிறுத்தி, கிற்றாரைச் சாத்திவிட்டு, மெசினைத் தட்டினார். அதே பாட்டு, குதிரை ஓட்டத்தில். சனம் மூச்சு விட்டது, கைதட்டியது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரையால் இறங்கிப் போய், வயரை இழுத்துக் கழற்றினேன்.

"சொன்னனீங்களெல்லே மாமா."

அவர் குனிந்து என் கையிலிருந்த வயரை வாங்கினார். "விடு பிள்ளை. சனம் சந்தோசமா இருக்க வந்தது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பச் செருகினார். அன்று எடுத்த படம் ஒன்றிலும் நான் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு ரசனை இல்லை, மாமா ஒரு கோழை. இதுதான் என் தீர்ப்பு. அடுத்த கோடைவரை மாமாவோடு கதைக்கவில்லை. செத்தவீடு என்று அப்பா சொன்னது வெறும் நக்கல் என்றே நினைத்திருந்தேன்.

எங்களிடையே பிள்ளைகளைச் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. நான் முதன்முதலாகப் போனது பதினாறு வயதில், அப்பாவின் கூட்டாளி ஒருவருடையதற்கு. சுடலை மண்டபத்தில் எங்களுக்கு ஒதுக்கித் தந்த டெர்மின் அரைமணி நேரம்தான், அடுத்த குடும்பம் வெளியே காத்து நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் மாமா, மடியில் கிற்றார். செத்தவருக்குப் பிடித்த பாட்டாம், ஒரு காலத்தில் எல்லாரும் எழும்பி ஆடின பாட்டு. அதை மாமா இழுத்து, பிடித்து, ஆறுதலாகப் பின்னால் வந்து பாடினார். ஜெர்மனிக்கு வந்த நாள் தொட்டு செத்தவீட்டில அவன்தானே எல்லாருக்கும் பாடுறவன் என்று அம்மா காதுக்குள் சொன்னார். அப்படியென்றால் அன்று வாயைப் பொத்தினவர், எழும்பிப் போனவர், எல்லாரும் அந்தக் குரலை ஏற்கெனவே ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள். நான் யாருக்கு என்ன பாடமெடுத்தேன்!

விளங்கினபிறகு கோபம் போயிருக்க வேண்டும். கூடித்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மெசினும் எக்கோவும், அந்த அருமையான குரல் கண்ணை மூடினவர்களுக்கு மட்டுமா? யார் இப்படிப் பிரித்து வைத்தது? நான் இருந்து கேட்க வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டுமா?

இப்போது மண்டபங்களுக்கு இளம் பொடியங்கள் லப்டொப்போடு வருகிறார்கள், மாமாவைக் கூப்பிடுவதில்லை. நான் நல்லதாய் ஒரு மைக் வாங்கிவிட்டேன். ஒரு இசைத்தட்டுக்குப் போதுமான காதல் பாட்டு வேண்டும், செத்தவீட்டில் பாடாததாக இருக்க வேண்டும் என்று போன கிழமை அவரிடம் சொன்னேன். விரல் மடித்து எண்ணிப் பார்த்தார்.

"அப்பிடி மிச்சம் ஒண்டும் இல்லையே, பிள்ளை."

சரி, பாடினதையே எடுப்போம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வருகிறார். அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வயிறு நிறையச் சோறு போடுவேன், ஆனால் பாட்டு முடியும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.